பள்ளிச் சீருடையும் பெண்பிள்ளையின் முக்காடும்



ஜூன் மாதம் பிறந்துவிட்டால் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரே பரபரப்பு. புத்தகப் பை, செருப்பு, நோட்டு, சீருடைத் துணி என்று கடைத்தெருவுக்கும் வீட்டுக்குமாக நடந்து ஓய்ந்து போகிறோம். அப்படிப்பட்ட ஒரு நாளில், எங்கள் ஸ்ரீமுஷ்ணத்தில் பெண்கள் பயான் முடிந்த பிறகு, ஒரு தாய் திரைக்கு அப்பாலிருந்து கேள்வி கேட்டார்:

“ஹஜ்ரத்! எம் பொண்ணு ஒன்பதாவது பாஸ் பண்ணிட்டா. வெளியூர்ப் பள்ளிக்கூடத்துல சேக்குறோம். அங்கே முட்டிக்காலு வரைக்கும் பாவாடை, அரைக்கைச் சட்டை, ரெட்டை ஜடைதான் யூனிஃபாரமாம். அவ பெரிய மனுஷியாகி ஒரு வருஷம் ஆச்சு. ‘படிச்சது போதும்’கறாங்க அவ வாப்பா. மக்கனாவா, படிப்பா? ரெண்டுல ஒண்ணைத்தான் எடுத்துக்கணுமா ஹஜ்ரத்?”

இந்தக் கேள்வி எனக்குப் புதியதன்று. பல ஆண்டுகளுக்கு முன்னரும் ஒரு தகப்பனார் இதையே என்னிடம் கேட்டார். பருவமடைந்த பெண் தலையை மறைப்பது கடமை என்று மஸ்அலாவைச் சொன்னேன். சொன்னது சரியான மஸ்அலாதான். ஆனால், “பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டீர்களா?” என்று அவரிடம் நான் கேட்கவில்லை. அவரும் பள்ளியில் போய்க் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் படிப்பு அத்துடன் நின்றது. பிற்பாடு அதே பள்ளியில் வேறொரு வீட்டார் கேட்டபோது, தலைமையாசிரியை மறுப்பில்லாமல் அனுமதி கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். அன்று என் மனம் பட்ட பாட்டை அல்லாஹ் அறிவான். பாதி மஸ்அலா சொன்னவனின் பிழைக்கு ஒரு பெண்பிள்ளை விலை கொடுத்தாள்.

ஆகவே, இம்முறை அந்தத் தாய்க்குச் சொன்ன பதிலை விரிவாகவே எழுதுகிறேன். இது அவர் ஒருவரின் கேள்வியன்று. நம் வீடுகள் பலவற்றின் கேள்வி.

சீருடை எதற்காக வந்தது?

முதலில் சீருடையைப் பகையாக நினைப்பதை விட்டுவிட வேண்டும். காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1950களின் பிற்பகுதியில், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர்ப் பெருமக்கள் மனமுவந்து அளித்த நன்கொடையில் கட்டடம், கரும்பலகை, நாற்காலி என்று பள்ளிகளுக்கு வந்தன. ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடையும் வந்தது. கிழிந்த சட்டையோடு வருவதற்கு வெட்கப்பட்டே பள்ளிக்கு வராதிருந்த பிள்ளைகள் அக்காலத்தில் பலர். பண்ணையார் மகனும் பண்ணையாளின் மகனும் ஒரே நிறத்துணி அணிந்து ஒரே பலகையில் அமர வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அந்த நோக்கம் இன்றும் தொடர்கிறது. தமிழக அரசு, சத்துணவுத் திட்டத்தில் சேர்ந்த 1 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2012-13 கல்வியாண்டு முதல் ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடைகள் கொடுத்து வருகிறது. அந்தத் துணியை நெய்வதில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும், தைப்பதில் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பிழைப்புக் கிடைக்கிறது. அண்டை நாடான இலங்கையிலும் 1993 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே சீருடைத் துணி வழங்கி வருகிறது. அங்கு முஸ்லிம் மாணவியர் அதே வெள்ளைத் துணியில் நீண்ட உடையும் தலைமறைப்பும் தைத்து அணிந்து பள்ளி செல்வது நாடறிந்த வழக்கம். சீருடையும் முக்காடும் ஒரே துணியில் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

ஒரே உடையின் அருமை நமக்குத் தெரியாததா? ஹஜ்ஜுக்குப் போகும் ஆண்கள், அரசராயினும் ஆண்டியாயினும், தைக்காத இரண்டு துண்டுத் துணிகளில் நிற்கிறார்கள். பட்டும் பகட்டும் அங்கே கழன்று விழுகின்றன. அல்லாஹ் நம் தோற்றத்தையும் செல்வத்தையும் பார்ப்பதில்லை, உள்ளத்தையும் செயலையுமே பார்க்கிறான் என்ற கருத்தில் வந்துள்ள ஹதீஸ் முஸ்லிம் கிரந்தத்தில் உள்ளது.

அதே இஹ்ராமில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஆண்களுக்கு வகுத்த இரண்டு துண்டுத் துணியை ஷரீஅத் பெண்களுக்கு வகுக்கவில்லை. பெண்கள் தங்கள் வழக்கமான தைத்த உடையிலேயே இஹ்ராம் கட்டுகிறார்கள், தலையை மறைக்கிறார்கள். ஆனால் இஹ்ராமில் முகத்திரையும் கையுறையும் அணியலாகாது என்று புகாரியில் ஹதீஸ் வந்திருக்கிறது. எல்லாரும் ஒரே ஹஜ்ஜில்தான் இருக்கிறார்கள். சமத்துவத்துக்கு ஒரு குறைவும் இல்லை. சமத்துவம் என்பது அச்சு மாறாத ஒரே தோற்றம் அன்று. பக்கத்து விருத்தாசலத்துப் பீங்கான் சூளையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஒரே மண், ஒரே நெருப்பு. கோப்பை கோப்பையாகவும் ஜாடி ஜாடியாகவும் வெளிவருகின்றன. அதனால் மண் வேறாகிவிடுவதில்லை.

மார்க்கம் கேட்பது என்ன?

இனி நம் பக்கத்தைப் பார்ப்போம். மார்க்கம் கேட்பது எது, ஊர் வழக்கம் கேட்பது எது என்பதைப் பிரித்தறியாமல் பள்ளி வாசலில் போய் நின்றால் நாமும் குழம்புவோம், ஆசிரியரையும் குழப்புவோம்.

திருமறையின் 24ஆம் அத்தியாயமான ஸூரத்துந் நூரில், 31ஆம் வசனம் முஃமினான பெண்களுக்குப் பார்வையைத் தாழ்த்தவும், கற்பைக் காக்கவும், முந்தானையை மார்பின் மீது போட்டுக்கொள்ளவும் பணிக்கிறது. 33ஆம் அத்தியாயத்தின் 59ஆம் வசனம், வெளியே செல்லும்போது மேலாடையைத் தங்கள் மீது தாழ்த்திக்கொள்ளச் சொல்கிறது. பருவமடைந்த பெண்ணின் தொழுகை தலைத்துணி இல்லாமல் ஏற்கப்படுவதில்லை என்ற ஹதீஸை அபூதாவூதும் திர்மிதீயும் பதிவு செய்துள்ளார்கள். முகமும் மணிக்கட்டு வரையுள்ள கைகளும் நீங்கலாக மற்றவை மறைக்கப்பட வேண்டும் என்று அஸ்மா (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக வரும் ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. அதன் அறிவிப்புத் தொடரில் இடையே ஒரு விடுபாடு உண்டு என்று அபூதாவூத் இமாம் அவர்களே குறித்திருக்கிறார்கள். என்றாலும், தலைமுடியை மறைப்பது கடமை என்பதில் நான்கு மத்ஹபு இமாம்களும் ஒன்றுபட்டே நிற்கிறார்கள்.

முகத்தை மறைப்பது பற்றி மட்டும் கருத்து வேறுபாடு உண்டு. நம் நாட்டில் ராவுத்தர்களில் பெரும்பாலோர் ஹனஃபீகள். கடற்கரையோர மரைக்காயர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈகள். ஹனஃபீ மத்ஹபின் மூல நூல்களில் முகமும் கைகளும் அவ்ரத் ஆகா. ஷாஃபிஈ அறிஞர்களிலும் இதே கருத்துடையோர் உண்டு. மறைத்தல் வேண்டும் என்போரும் உண்டு. ஆகவே வகுப்பறையில் முகம் திறந்திருப்பதற்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறது. ஆசிரியர் பிள்ளையை முகம் பார்த்து அறிய வேண்டும். தேர்வறையில் இன்னார் என்று தெரிய வேண்டும். பள்ளியின் இந்தத் தேவையை நாம் மறுக்க வேண்டியதில்லை.

சுருக்கமாக, உடைக்கு மார்க்கம் வைத்துள்ள நிபந்தனைகள் இவை:

1. மறைக்க வேண்டியதை மறைக்க வேண்டும்.
2. உடலின் அமைப்பைக் காட்டும் இறுக்கம் கூடாது.
3. உள்ளே தெரியும் மெல்லிய துணி கூடாது.
4. பெருமைக்கும் பகட்டுக்கும் உடுத்தும் உடையாக இருக்கக் கூடாது.

கறுப்பு நிறம்தான் வேண்டும் என்பது இந்த நான்கில் எங்கே இருக்கிறது? புர்கா என்ற ஒரே தையல்தான் வேண்டும் என்பது எங்கே இருக்கிறது? நம் பாட்டிமார் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு வெட்கம் குறைவாகவா இருந்தது? பள்ளியின் நிறத்தில் தளர்வான முழுக்கைச் சட்டை, தளர்வான கால்சட்டை அல்லது கணுக்கால் வரை பாவாடை, அதே நிறத்தில் ஒரு தலைத்துணி. இவ்வளவு இருந்தால் மார்க்கத்தின் நிபந்தனை நிறைவேறிவிடுகிறது. பள்ளியின் நிபந்தனையும் நிறைவேறிவிடுகிறது. சீருடை கேட்பது நிறத்தில் ஒற்றுமை; மார்க்கம் கேட்பது அளவில் நிறைவு. இவை இரண்டும் ஒன்றோடொன்று மோதுபவை அல்ல.

நான்காவது நிபந்தனையை நம் வீடுகள் மறந்து போகின்றன. கல்லும் ஜரிகையும் வைத்த விலையுயர்ந்த புர்காவைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்து, அதைப் பள்ளியில் அனுமதிக்கவில்லையே என்று வருந்துவோரும் இருக்கிறார்கள். ஏழைச் சிறுமி கூனிக் குறுகக் கூடாது என்று வந்த சீருடையின் மீது, செல்வத்தைக் காட்டும் உடையைப் போர்த்துவது பள்ளிக்கும் ஆகாது, மார்க்கத்துக்கும் ஆகாது.

ஆண்பிள்ளைகளை மறந்துவிட்டோமே!

ஸூரத்துந் நூரில் பெண்களுக்கான 31ஆம் வசனத்துக்கு முன்னால் 30ஆம் வசனம் இருக்கிறது. பார்வையைத் தாழ்த்தும்படி அது முதலில் ஆண்களுக்குத்தான் கட்டளையிடுகிறது. ஆணின் தொடையும் மறைக்க வேண்டிய பகுதியே என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளின் சட்டம். பருவமடைந்த பையன் தொடை தெரிய அரைக்கால் சட்டையில் பள்ளிக்குப் போனபோது நம்மில் எத்தனை பேர் ஹஜ்ரத்திடம் வந்து கேட்டோம்? ‘படிப்பு போதும், நிறுத்திவிடு’ என்று எந்த வாப்பா சொன்னார்?

அரசுப் பள்ளிகளில் மேல் வகுப்புப் பையன்களுக்கு முழுக்கால் சட்டையும், பெண்பிள்ளைகளுக்குச் சல்வார் கமீஸும் வந்துவிட்டன. நாம் கேளாமலேயே இந்தச் சிரமத்தில் பெரும்பகுதியை அல்லாஹ் அகற்றிவிட்டான். அல்ஹம்து லில்லாஹ்! ஆனால் பெண்ணுக்கு மட்டும் சட்டம் பேசி ஆணுக்குப் பேசாமல் விட்ட நம் நாவுக்கு மறுமையில் கணக்கு உண்டு.

படிப்பும் கடமைதான்

“பெண்ணுக்கு எதற்குப் படிப்பு?” என்போர் இன்று குறைந்துவிட்டார்கள். ஆயினும் உடையைச் சாக்காக வைத்து அதையே வேறு வாயால் சொல்வோர் இருக்கிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக நமக்கு வந்த ஹதீஸ்கள் 2,210 என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரிய ஸஹாபாக்களே அன்னையிடம் சென்று சந்தேகம் தெளிந்தார்கள். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி என்பதை அபூதாவூதில் காண்கிறோம். முக்காடும் எழுத்தும் அந்த வீட்டில் ஒன்றாகவே இருந்தன.

நம் தமிழகத்திலும் 1955இல் சென்னையில் நீதிபதி பஷீர் அஹ்மத் ஸயீத் அவர்கள் பெண்களுக்கென்றே கல்லூரி நிறுவினார்கள். பெண் மார்க்கத்தைப் பேணியவாறே படிக்கவும் வேண்டும் என்று நம் முன்னோர் எண்ணிய எண்ணத்துக்கு அது சாட்சியாக நிற்கிறது.

ஆகவே இங்கே இரண்டு கடமைகள் இருக்கின்றன. ஒன்றைக் காப்பதற்காக மற்றொன்றை இழப்பது, எல்லா வாசலும் அடைபட்ட பின் வரும் கடைசி நிலை. ஒரு வாசலைக்கூடத் தட்டிப் பாராமல் அதையே முதல் நிலையாக்கிக் கொள்வது பேணுதல் அன்று, சோம்பல்!

நீதிமன்றங்கள் தரும் படிப்பினை

2021 டிசம்பர் இறுதியில் கர்நாடக மாநிலம் உடுப்பியில் உள்ள அரசு மகளிர் பி.யூ. கல்லூரியில், முக்காடு அணிந்த மாணவியர் ஆறு பேர் வகுப்புக்குள் அனுமதிக்கப்படவில்லை. பி.யூ. என்பது நம் ஊர்ப் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்குச் சமம். 2022 பிப்ரவரி 5ஆம் தேதி அம்மாநில அரசு சீருடை பற்றி ஆணை பிறப்பித்தது. மார்ச் 15ஆம் தேதி, முக்காடு இஸ்லாத்தின் இன்றியமையாத மார்க்கச் செயல் ஆகாது என்று கர்நாடக உயர்நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2022 அக்டோபர் 13ஆம் தேதி இரண்டு நீதிபதிகளும் இருவேறு தீர்ப்பளித்தார்கள். நீதிபதி ஹேமந்த் குப்தா மேல்முறையீட்டைத் தள்ளினார். நீதிபதி சுதான்ஷு துலியா ஏற்றார். இன்றியமையாததா அல்லவா என்ற ஆராய்ச்சியே இவ்வழக்குக்குத் தேவையில்லை, இது அந்தப் பெண்ணின் விருப்பத்தைச் சார்ந்தது, பெண்பிள்ளையின் படிப்பே முதலில் எண்ணத்தக்கது என்பது துலியா அவர்களின் தீர்ப்பின் சாரம். கருத்து வேறுபட்டதால், பெரிய அமர்வு அமைப்பதற்காக வழக்கு தலைமை நீதிபதியிடம் விடப்பட்டது.

இவ்வழக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாணவியர் தரப்பு சீருடையே வேண்டாம் என்று வாதிடவில்லை. சீருடை அணிகிறோம், அதே நிறத்தில் தலைத்துணியும் அணிய விடுங்கள் என்றே கேட்டது. மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயப் பள்ளிகளில் முஸ்லிம் மாணவியர் சீருடை நிறத்திலேயே தலைத்துணி அணிய விதி இடம் தந்திருப்பதும் நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டப்பட்டது. இதே நாட்டில், அரசே நடத்தும் பள்ளிகளில், இந்த ஏற்பாடு காகிதத்தில் எழுதப்பட்டு இருக்கிறது என்பதை நம் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

மனச்சாட்சிக்கு இடம் கொடுத்த வேறு தீர்ப்பும் நம் நாட்டில் உண்டு. கேரளத்தில் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் பாடப்படும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது. 1986 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்துச் செய்தது. அவமதிக்காத மனச்சாட்சிக்குப் பள்ளியில் இடமுண்டு என்பது அதிலிருந்து தெரிகிறது.

நம் தமிழ்மக்கள் குடியேறிய தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மூக்குத்திக்காக ஒரு வழக்கு நடந்தது. தென்னிந்திய இந்துக் குடும்பத்து மாணவி, குடும்ப வழக்கப்படி மூக்குத்தி அணிந்து பள்ளிக்கு வந்தாள். விதியில் இடமில்லை என்றது பள்ளி. அது மதத்தில் கட்டாயமான செயல் அல்லாவிடினும், மனமுவந்து செய்யும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு; நியாயமான அளவில் பள்ளி இடம் கொடுக்க வேண்டும் என்று 2007 அக்டோபரில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் முடிவு கூறியது. நீதி கிடைத்தது, உண்மை. ஆனால் தீர்ப்பு வந்தபோது அம்மாணவி அந்தப் பள்ளியிலேயே இல்லை!

இங்கிலாந்து நாட்டு லூட்டன் நகரில் நடந்ததோ வேறு. அங்கு ஒரு பள்ளியில் பெரும்பாலோர் முஸ்லிம் பிள்ளைகள், தலைமையாசிரியையும் முஸ்லிம். பெற்றோரையும் பள்ளிவாசல்களையும் கலந்தே சல்வார் கமீஸும் தலைத்துணியும் சீருடையில் சேர்க்கப்பட்டிருந்தன. இது போதாது, நீண்ட ஜில்பாப் அங்கிதான் வேண்டும் என்று ஒரு மாணவி 2002இல் பள்ளியை விட்டு நின்றாள். 2006 மார்ச்சில் பிரபுக்கள் சபை பள்ளியின் பக்கமே தீர்ப்பளித்தது. அந்தப் பிள்ளை வேறு பள்ளியில் சேருவதற்குள் ஏறக்குறைய இரண்டாண்டுப் படிப்பு போயிற்று.

பிரான்ஸ் நாட்டில் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசுப் பள்ளிகளில் முக்காடு தடை செய்யப்பட்டது. அத்தடை முஸ்லிம் பெண்பிள்ளைகளின் உயர்நிலைப் படிப்பைப் பாதித்தது என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டுகிறது. கதவை அடைத்தவர்கள் அந்தப் பெண்ணை விடுவிக்கிறோம் என்று சொன்னார்கள். அவள் இழந்ததோ படிப்பை.

இவை அனைத்திலிருந்தும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டிய பாடம் எது? வழக்குக்கு ஆயுள் நீளம். பள்ளிப் பருவத்துக்கு ஆயுள் குறைவு. வழக்காடும் உரிமையைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன், பள்ளி அலுவலக அறையில் பத்து நிமிடம் பேசித் தீரக்கூடியதைப் பேசித் தீர்ப்பதே பிள்ளைக்கு நலம்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

1. முதலில் மகளிடம் பேசுங்கள். நாள்தோறும் அந்த உடையில் வகுப்பில் இருக்கப் போகிறவள் அவள். ஏன் மறைக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏழு வயதில் தொழச் சொல்லிப் பழக்க வேண்டும் என்ற ஹதீஸில், பழக்கம் கடமைக்கு முன்னே தொடங்க வேண்டும் என்ற நுட்பம் இருக்கிறது. பருவமடைந்த மறுநாள் திடீரென்று அதட்டிப் போர்த்திவிடும் துணி, தெருமுனையில் கழன்று பைக்குள் போய்விடும்.

2. சேர்க்கைக்குப் பணம் கட்டும் முன்பே பள்ளியின் சீருடை விதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கட்டிய பிறகு சண்டையிடுவதைவிடக் கட்டும் முன் கேட்பது எளிது.

3. தாயும் தகப்பனும் சேர்ந்து நேரில் செல்லுங்கள். கூட்டம் சேர்த்துக்கொண்டு போகாதீர்கள்.

4. எழுத்தில் கொடுங்கள். இப்படி எழுதினால் போதும்: “மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு. எங்கள் மகள் தங்கள் பள்ளியின் சீருடையை முழுமையாக அணிவாள். எங்கள் மார்க்கக் கடமைப்படி, சீருடையின் நிறத்திலேயே தலைத்துணியும், முழுக்கைச் சட்டையும், கணுக்கால் வரை உடையும் அணிய அனுமதி வேண்டுகிறோம். முகம் திறந்தே இருக்கும். ஆய்வுக்கூடத்திலும் விளையாட்டிலும் துணி தொங்காதபடி கட்டிக் கொள்வாள். தேர்வின்போது பெண் ஆசிரியர் சோதனையிட எங்களுக்கு மறுப்பில்லை.”

5. சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நெருப்பு இருக்கிறது. அங்கே ஊசி குத்தாமல், முனை தொங்காமல், நெருப்பில் எளிதில் உருகாத பருத்தித் துணியைக் கட்டிப் பழக்குங்கள்.

6. மறுத்துவிட்டால், மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். பிறகு மாவட்டக் கல்வி அலுவலரிடமும், மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்திடமும் மனுக் கொடுக்கலாம். எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மனு நடக்கும்போதே பக்கத்து ஊர்களில் வேறு பள்ளியும் பாருங்கள்.

7. எல்லா வாசலும் அடைபட்டால், அப்போது உங்கள் ஊர் ஆலிமிடம் வாருங்கள். பள்ளியின் பெயர், விதி, தூரம், பிள்ளையின் வயது, வேறு வழி உண்டா இல்லையா என்ற முழு விவரத்தோடு வாருங்கள். நிர்ப்பந்தத்தின் சட்டம் ஒவ்வொருவர் நிலைக்கும் ஏற்பச் சொல்லப்பட வேண்டியது. பத்திரிகையில் எல்லாருக்கும் ஒரே பத்வாவாக எழுதிவிட முடியாது. ஆலிம் பெருமக்களுக்கும் என் பணிவான வேண்டுகோள் ஒன்றுண்டு: மஸ்அலா சொல்லும் முன் கேளுங்கள். கேளாமல் சொன்னவன் நான். அதன் பாரத்தை இன்றும் சுமக்கிறேன்.

8. முக்காடு இல்லாமல் வரும் முஸ்லிம் பிள்ளையை நம் பிள்ளைகள் ஏளனம் செய்யாமல் பார்த்துக் கொள்ளுங்கள். அவள் வீட்டு நிலை அல்லாஹ்வுக்குத் தெரியும். உடைகளில் மேலானது இறையச்சம் என்னும் உடையே என்ற கருத்தைத் திருமறையின் 7ஆம் அத்தியாயம் 26ஆம் வசனம் போதிக்கிறது. அந்த உடையை எவர் அணிந்திருக்கிறார் என்று நம் கண்ணுக்குத் தெரியாது.

அயலாரைப் பகையாக எண்ண வேண்டாம்

தலைமையாசிரியர் வேறு மதத்தவர், அவரிடம் போய் எப்படிக் கேட்பது என்று தயங்குவோர் பலர். எங்கள் ஸ்ரீமுஷ்ணத்து வட்டாரத்தை நினைத்துப் பாருங்கள். மாசி மகத்துக்கு இவ்வூர்ப் பூவராகப் பெருமாள் கோயில் ஊர்வலம் கிள்ளைக் கடற்கரைக்குச் செல்லும்போது, கிள்ளை தைக்காலில் முஸ்லிம்கள் எதிர்கொண்டு மரியாதை செய்வதும், அங்குள்ள தர்காவுக்கு அவர்கள் மரியாதை செய்வதும் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். வணக்க வழிபாட்டில் நம் மார்க்கத்தின் வரம்பு வேறு; அதை இங்கே பேச வரவில்லை. ஒருவர் வாசலில் மற்றவர் மரியாதையோடு நிற்கத் தெரிந்த மண் இது என்பதையே சொல்ல வந்தேன். இந்த மண்ணில் வளர்ந்த ஆசிரியரிடம் ஒரு முழத் தலைத்துணிக்கு அனுமதி கேட்க நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

அந்தத் தாயின் செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். நான் சொன்னபடியே கணவரையும் அழைத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியை கடிதத்தை இரண்டு முறை படித்தாராம். “பாவாடைக்குப் பதில் சுடிதார் போட்டுக்கலாம். துணி எங்க யூனிஃபாரம் கலர்லயே இருக்கணும். வேற கலர்னா விட மாட்டேன்” என்றாராம். “நாங்க கேட்டதும் அதுதாம்மா” என்று தாய் சொல்லியிருக்கிறார். மீதியாகும் சீருடைத் துணியிலேயே தலைத்துணியும் வெட்டித் தந்துவிட்டார் தையற்காரர். அந்தப் பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பில் படிக்கிறாள்.

எல்லாப் பள்ளிகளும் இப்படி இசைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. இசையாத பள்ளியும் உண்டு. ஆனால் கேட்காத வீட்டுக்கு எந்தப் பள்ளியும் இசையாது. முன்பு என்னிடம் வந்த தகப்பனார் கேட்கவில்லை. கேட்கும்படி நானும் சொல்லவில்லை.

யா அல்லாஹ்! எங்கள் பெண்மக்களுக்கு வெட்கத்தையும் கல்வியையும் ஒன்றாகத் தந்தருள்வாயாக! ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிக்கும் அறியாமையிலிருந்து எங்கள் வீடுகளைக் காப்பாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.